ஸ்மார்ட் ஸ்பீக்கர் இணையவில்லையா? அறிகுறியைப் பார்த்து ரவுட்டரைச் சரிசெய்யும் வழிமுறை

“மக்ளே, இது ரெண்டு நாளா மிண்ட மாட்டேங்குது” என்று திருவட்டாரில் இருக்கும் என் பெரியம்மா காட்டிய ஸ்பீக்கரின் தலையில் நான்கு ஆரஞ்சுப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன. அதற்குள் அவருடைய பேரன் ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பின்புறத்துச் சிறு துளைக்குள் ஊக்கை நுழைக்கத் தயாராக நின்றான். இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை. தூசி துடைத்தபோது ஸ்பீக்கரின் பக்கவாட்டில் இருந்த மைக் பொத்தான் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இது கூகுளின் நெஸ்ட் மினி; அதில் ஆரஞ்சுப் புள்ளிகள் நிலையாக எரிந்தால் மைக் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பையன் பழகியதோ அமேசானின் எக்கோ; அதில் ஆரஞ்சு வளையம் சுழன்றால் நெட்வொர்க்கைத் தேடுகிறது என்றும், மைக் அணைந்தால் சிவப்பு எரியும் என்றும் பொருள். ஒரே நிறம் இரண்டு கருவிகளில் இரண்டு செய்தியைச் சொல்லுகிறது. ஆகவே ரவுட்டரைத் தொடுவதற்கு முன்பு, உங்கள் கையில் இருக்கும் மாடலில் அந்த விளக்கின் நிறம் எதைக் குறிக்கிறது என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது.

அந்த ஊக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு உள்ளூர் கேபிள்காரர் வழியாகவே வருகிறது. அவர் பொருத்தித் தந்த ஓஎன்டி பெட்டிக்குள் (ஃபைபரின் ஒளியை வாங்கி ரவுட்டராகவும் இயங்கும் பெட்டி அது), இணைப்பு நிறுவனத்தில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் ஆகியவை பதிந்துவைக்கப்பட்டிருக்கும். ரீசெட் துளையைப் பத்து நொடி அழுத்தினால் இவை அனைத்தும் அழிந்துவிடும். அதன் பிறகு கேபிள்காரர் வந்து திரும்ப நிரப்பும் வரையில் ஸ்பீக்கர் மட்டுமல்ல, வீட்டில் எந்தக் கருவியுமே இணையத்தைத் தொடாது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. கீழே சொல்லப்படும் எந்தப் படியிலும் ரவுட்டரின் ரீசெட் தேவைப்படாது.

தொடங்கும் முன்

ஸ்பீக்கரின் இணைப்பை மூன்று கண்ணிகளாகப் பிரித்துப் பார்த்தால் தேடல் எளிதாகும். ஸ்பீக்கருக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ளது முதல் கண்ணி. ரவுட்டருக்கும் வெளி இணையத்துக்கும் இடையில் உள்ளது இரண்டாவது. உங்கள் கைப்பேசிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் வீட்டுக்குள்ளேயே நடக்கும் பேச்சு மூன்றாவது. எது அறுந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இதுவரை திறக்காத ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்; திறந்தால் இரண்டாவது கண்ணி உயிரோடு இருக்கிறது. பிறகு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். ஸ்பீக்கரின் பெயரும் அதற்கு ஓர் ஐபி முகவரியும் தெரிந்தால் முதல் கண்ணியும் சரியாகவே இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் செயலிக்கு ஸ்பீக்கர் தெரியவில்லை என்றால் மூன்றாவது கண்ணியில்தான் சிக்கல்.

நிர்வாகப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. எது என்று தெரியாவிட்டால், கைப்பேசியின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்ற வரியில் இருக்கும் எண்ணே அது. உள்நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடிப்பக்க ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எந்தப் பக்கத்தை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன்பு அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றியவருக்கு ஸ்பீக்கர் இணைந்தாலும் எது காரணம் என்பது கடைசி வரை தெரியாது.

அறிகுறி 1: அமைக்கும்போது உங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை

முதலில் அலைவரிசையைப் பாருங்கள். இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் ஒலிபரப்புகின்றன. நெஸ்ட் மினி, அண்மைக்கால எக்கோ டாட் போன்றவை இரண்டிலும் இணையக்கூடியவை என்றாலும், அவற்றோடு வாங்கிய ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைக்கும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ அல்லது ‘பேண்ட் ஸ்டீயரிங்’ என்ற அமைப்பு இயங்கினால், அமைக்கும் நேரத்தில் மட்டும் அதை அணைத்து, 2.4க்குத் தனிப் பெயர் தந்து இணைத்துப் பாருங்கள். பெயரை மறைத்துவைக்கும் ‘ஹைட் எஸ்எஸ்ஐடி’யும் அணைந்திருக்க வேண்டும், அதனால் கிடைக்கும் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான், தொல்லையோ உண்மையானது.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ கொண்டுவந்து தந்த ஸ்பீக்கர் என்றால் வேறொரு காரணமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 1 முதல் 13 வரையான சேனல்கள் பயன்பாட்டில் உள்ளன. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகள் பொதுவாக 11க்கு மேல் பார்ப்பதில்லை. ரவுட்டரில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருந்து, அது ஒரு நாள் 12ஐயோ 13ஐயோ தேர்ந்தெடுத்துக்கொண்டால், வீட்டில் உள்ள கைப்பேசிகள் அனைத்தும் இணைந்திருக்க, அந்த ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் வைஃபை இல்லாமல் போகும். நேற்று வரை பாடியது இன்று பாடவில்லை என்ற புகார் இதிலிருந்தும் வரலாம். வயர்லெஸ் பக்கத்தில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும்.

ரவுட்டர் புதிது, ஸ்பீக்கர் பழையது என்றால் வைஃபை 6 பயன்முறையையும் சந்தேகிக்கலாம். ‘மோட்’ என்ற இடத்தில் ஏஎக்ஸ் என்று முடியும் தேர்வு இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் அதை ‘பி/ஜி/என்’ என்று இறக்கிச் சோதியுங்கள். சில பழைய கருவிகள் புதிய வகை அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் அந்த நெட்வொர்க்கையே விட்டுவிடுகின்றன.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வைஃபைப் பெயருக்கான உச்ச வரம்பு 32 எழுத்து என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது 32 பைட். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்குறியும், அதாவது மெய்யின் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாகவே, மூன்று பைட் பிடிக்கும். ‘நாகர்கோவில்’ என்று எழுதினால் பார்வைக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பதினொரு குறி, 33 பைட். ஆக, மாவட்டத் தலைநகரின் பெயர் ஒரே ஒரு பைட் கூடுதலாகி வைஃபைக்குள் அடங்காமல் போகிறது. ‘தக்கலை’ 18 பைட்டில் தாராளமாக அடங்கும். அடங்கினாலும் சில கருவிகளின் செயலியில் அந்தப் பெயர் கட்டங்கட்டமாகச் சிதைந்து தெரிவதுண்டு. ஆசை இருந்தால் விருந்தினர் நெட்வொர்க்குக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள். ஸ்பீக்கர் இணையும் நெட்வொர்க்குக்கு இடைவெளியும் சிறப்புக் குறியும் இல்லாத ஆங்கில எழுத்துகளே தொல்லை இல்லாதவை.

அறிகுறி 2: பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் இணைய மறுக்கிறது

கடவுச்சொல் சரி என்று சொல்பவர்களில் பலர், முதல் எழுத்தைக் கைப்பேசி தானாகப் பெரிய எழுத்தாக்கியதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கண் குறியைத் தொட்டு, தட்டியதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அது சரியாகவே இருந்தால் ‘செக்யூரிட்டி’ பக்கத்துக்குப் போகலாம். ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று இருந்தால் அதை அறியாத பழைய ஸ்பீக்கர் உள்ளே வர முடியாது. ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறை இரண்டுக்கும் இடம் தர வேண்டும். நடைமுறையில் சில கருவிகள் அதிலும் தடுமாறுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் ‘டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ்’ என்று வைத்துச் சோதிப்பதே தெளிவான வழி. அதே பக்கத்தில் ‘பிஎம்எஃப்’ என்ற அமைப்பு ‘ரெக்வயர்ட்’ என்று இருந்தால் ‘கேபபிள்’ என்று மாற்றுங்கள். ‘டிகேஐபி’ என்ற பழைய குறியாக்கம் தேர்வாகி இருந்தால் ஸ்பீக்கருக்காக மட்டுமல்ல, வீட்டின் வேகத்துக்காகவும் அதைக் கைவிட வேண்டும். அதோடு இணையும் கருவிகள் 54 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. ‘எதற்கு வம்பு’ என்று கடவுச்சொல்லே இல்லாத திறந்த நெட்வொர்க்காக மாற்றிவிடாதீர்கள். சோதனைக்காக ஐந்து நிமிடம் திறந்தது ஐந்து மாதம் திறந்தே கிடந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கருவிகளை அவற்றின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியால் வடிகட்டும் ‘மேக் ஃபில்டர்’ என்ற பட்டியல் இயங்கினால், அதில் இல்லாத கருவியை ரவுட்டர் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிடும். பிள்ளைகளின் கைப்பேசியைக் கட்டுப்படுத்த என்றோ ஒரு நாள் போட்டுவைத்து மறந்த பட்டியலாக இருக்கும்.

இன்னொரு காரணம், கடைசியாகவே நினைவுக்கு வருவது: கொடுக்க முகவரி மிச்சமில்லாத ரவுட்டர். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த மாடியில் இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டில், வரவேற்பறை ஸ்பீக்கர் திங்கட்கிழமைதோறும் இணைய மறுத்தது. கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தைத் திறந்தபோது, முகவரிகளின் வரம்பு 192.168.1.100 முதல் 192.168.1.119 வரை, அதாவது இருபது மட்டும் என்று இருந்தது. ஒவ்வொரு முகவரிக்கும் குத்தகைக் காலம் 24 மணி நேரம். வார இறுதியில் சூரிய உதயம் பார்க்க வந்து, அறையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பிவிட்ட கைப்பேசிகள் எல்லாம் ஆளுக்கொரு முகவரியை மறுநாள் வரை பிடித்துவைத்திருந்தன. ஸ்பீக்கர் கதவைத் தட்டியபோது கொடுக்க எண் இல்லை. வரம்பின் முடிவை 192.168.1.250 என்று நீட்டி, குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தோம். அத்துடன் அந்த ஸ்பீக்கரின் மேக் முகவரிக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கியும் வைத்தோம். பெரும்பாலான ரவுட்டர்களில் இது ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பெயரில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் திங்கட்கிழமைத் தொல்லை இல்லை.

அறிகுறி 3: ஸ்பீக்கர் பதில் சொல்கிறது, ஆனால் கைப்பேசிச் செயலிக்கு அது தெரியவில்லை

மணி கேட்டால் சொல்கிறது. ஆனால் கைப்பேசியிலிருந்து பாட்டை அனுப்பத் தேடினால் ஸ்பீக்கரின் பெயர் வரவில்லை. இதில் இணையம் தப்பில்லை, ஸ்பீக்கரும் தப்பில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கிறார்கள், அல்லது ஒருவரை ஒருவர் பார்க்க ரவுட்டர் விடவில்லை.

எளியவற்றை முதலில் முடித்துவிடுவோம். கைப்பேசியில் விபிஎன் இயங்கினால் அணையுங்கள். ஐபோன் என்றால் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி இருக்க வேண்டும். 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் இந்த அனுமதி இல்லாத செயலியால் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளைத் தேட முடியாது. ஆண்ட்ராய்டில் அமைக்கும் நேரத்தில் புளூடூத்தும் இருப்பிட அனுமதியும் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து, இருவரும் ஒரே நெட்வொர்க்கில்தானா? கைப்பேசி விருந்தினர் நெட்வொர்க்கில் இருந்தால் உள்ளே இருப்பவர் யாரும் அதற்குத் தெரிய மாட்டார்கள். விருந்தினர் நெட்வொர்க் அதற்காகவே உண்டாக்கப்பட்டது. முதன்மை நெட்வொர்க்கிலும் ‘ஏபி ஐசொலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்ற பெயரில் ஒரு பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கக்கூடும். அதை நீக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் வீட்டில் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெட்டுக்கல் சுவர் ஒரு முழ அகலத்துக்கு இருக்கும். அதன் மேல் பின்னாளில் கான்கிரீட் மாடி ஏறியிருக்கும். கீழே முன்கட்டில் வைத்த ஓஎன்டியின் அலை மாடிக்கு எட்டாது. உடனே கடைக்குப் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து ஒரு கேபிளை இழுத்து வெளி இணையத்துக்கான அதன் ‘வேன்’ துளையில் சொருகிவிடுவார்கள். மாடியில் இணையம் வந்துவிடும். எல்லாம் சரியென்று தோன்றும். ஆனால் இப்போது வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகிவிட்டது. கீழே இருக்கும் ஸ்பீக்கருக்கு 192.168.1.20 என்று முகவரி. மாடியில் இருக்கும் கைப்பேசிக்கு 192.168.0.105. செயலி ஸ்பீக்கரைத் தேடும்போது ‘யாராவது இருக்கிறீர்களா’ என்ற அழைப்பை 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு 5353ஆம் வாயில் வழியாக அனுப்புகிறது. எம்டிஎன்எஸ் என்று இதற்குப் பெயர். அந்த அழைப்பு தன் நெட்வொர்க்கின் வாசற்படியைத் தாண்டாது. மாடி ரவுட்டர் அதைக் கீழே விடாது. ஸ்பீக்கருக்கு அழைப்பு வந்ததே தெரியாது.

மாடி ரவுட்டரை வெறும் அலை பரப்பும் பெட்டியாக மாற்றுவதே தீர்வு. அதன் பட்டியலில் ‘அக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. ஒரு மடிக்கணினியைக் கேபிள் வழியாக மாடி ரவுட்டரில் இணைத்து, முதலில் அதன் ‘லேன்’ (வீட்டு நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் பிறருக்கு வழங்கும் முகவரி வரம்புக்குள் இந்த எண் வரக்கூடாது. பெட்டி மறுபடி இயங்கியதும் புதிய முகவரியில் உள்ளே நுழைந்து டிஹெச்சிபியை அணையுங்கள். முதலிலேயே டிஹெச்சிபியை அணைத்துவிட்டால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் பெட்டியின் பக்கத்தை மறுபடி திறக்கத் திண்டாட வேண்டியிருக்கும். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை ‘வேன்’ துளையிலிருந்து கழற்றி ஏதேனும் ஒரு ‘லேன்’ துளையில் சொருகுங்கள். வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே உள்ளது போலவே வைத்தால், மாடிப்படி ஏறும்போது கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். இனி கீழ் ரவுட்டர் ஒன்றே எல்லோருக்கும் முகவரி தரும். அழைப்பு ஸ்பீக்கரின் காதில் விழும்.

ஒரே ரவுட்டர் இருந்தும், ஸ்பீக்கர் சில நிமிடம் தெரிந்து பிறகு மறைந்தால் ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ என்ற அமைப்பை மாற்றிப் பாருங்கள். இயங்கினால் அணைத்தும், அணைந்திருந்தால் இயக்கியும். சில பெட்டிகளில் அது பொது அழைப்புகளைத் தேவையற்றவை என்று எண்ணி நிறுத்திவிடுகிறது.

அறிகுறி 4: வைஃபையில் இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்று சொல்கிறது

முதலில் பெட்டியின் முகத்தைப் பாருங்கள். ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வந்து சேரவில்லை. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது. தென்னந்தோப்பு வழியாகக் கேபிள் வரும் வீடுகளில், காற்றடித்த மறுநாள் ஒரு காய்ந்த மட்டை அதன் மேல் கிடப்பதைத் தேடாமலே பார்க்கலாம். அதைச் சரிசெய்ய ரவுட்டர் அமைப்பில் எதுவும் இல்லை. கேபிள்காரரை அழைக்க வேண்டியதுதான்.

விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால் திட்டக் காலம் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். காலம் முடிந்த இணைப்பில் கைப்பேசி உலாவியைத் திறந்தால் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்து நிற்பதுண்டு. மனிதர் அதைப் படித்துக்கொள்வார். திரை இல்லாத ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட வழியில்லாததால், தன்னால் உங்களைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும். விடுதிகளிலும் கல்லூரி விடுதி அறைகளிலும் எண்ணைத் தந்து உள்நுழையும் வைஃபையில் ஸ்பீக்கர் திணறுவதும் இதே காரணத்தால்தான்.

கைப்பேசிக்கு இணையம் வந்து ஸ்பீக்கருக்கு மட்டும் வரவில்லை என்றால் இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் திரும்பலாம். டிஹெச்சிபி பக்கத்தில் முதன்மை டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றும் இரண்டாவதை 1.1.1.1 என்றும் வைத்துச் சோதியுங்கள். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் வைத்திருப்பவர்கள் அதைச் சற்று நேரம் விலக்கிப் பார்க்க வேண்டும். கூகுள் ஸ்பீக்கர்கள் நீங்கள் தரும் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு 8.8.8.8ஐ நேராகக் கேட்பதும் உண்டு, அந்த வழியை நீங்கள் அடைத்திருந்தால் அவை ஊமையாகிவிடும். ஃபயர்வால் ‘ஹை’ என்ற அளவில் இருந்தால் ‘மீடியம்’ அல்லது ‘லோ’ என்று ஒரு படி இறக்குங்கள். 443ஆம் வாயிலும், பெயர் தேட 53உம், நேரம் கேட்க 123உம் வெளியே செல்லத் திறந்திருக்க வேண்டும். நேரம் முக்கியம்: கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால், எதிர்முனைச் சேவையகத்தின் சான்றிதழை அது காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ கருதி இணைப்பையே மறுத்துவிடும்.

ரவுட்டரின் கடிகாரமும் ஒரு வேலை செய்யும். மின்சாரம் போய் வந்தபின் சில பெட்டிகளின் கடிகாரம் 1970 ஜனவரி 1இலிருந்து ஓடத் தொடங்கும். இரவு பத்துக்கு மேல் பிள்ளைகளின் கருவிகளுக்கு இணையம் வேண்டாம் என்று அட்டவணை போட்டிருந்தால், பட்டப்பகலில் ரவுட்டர் அதை நள்ளிரவு என்று நம்பித் தடுக்கும். ‘பேரன்டல் கன்ட்ரோல்’ பட்டியலில் ஸ்பீக்கரும் தவறுதலாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘டைம்’ பக்கத்தில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐபிவி6ஐ அணைத்துப் பார்ப்பது ஒரு சோதனை. பயன் தராவிட்டால் திரும்ப இயக்கிவிடுங்கள்.

யாராவது ‘போர்ட் ஃபார்வர்ட் பண்ணுங்க’ என்றோ ‘டிஎம்இசட்டில் போடுங்க’ என்றோ சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பீக்கர் எப்போதும் உள்ளிருந்து வெளியே அழைக்கும் கருவி. வெளியிலிருந்து யாரும் அதை அழைக்க வேண்டியதில்லை. வாசலைத் திறந்துவைத்தால் திருடனுக்குத்தான் வசதி.

அறிகுறி 5: இணைகிறது, விட்டுப் போகிறது, மறுபடி இணைகிறது

இதற்கு எப்போது, எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் மருந்து. இரண்டு நாள், விட்டுப்போகும் நேரத்தை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் விட்டுப்போனால் காரணம் வெளிப்படை; அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே வேலை செய்கிறது. ஸ்பீக்கரை நகர்த்துங்கள், அல்லது அதை மட்டும் 5க்கு மாற்றுங்கள். மாலை ஏழு முதல் பத்து வரை என்றால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலாக இருக்கலாம். வைஃபை அலசும் செயலி ஒன்றை நிறுவி, 1, 6, 11 மூன்றில் ஆள் குறைவான சேனலைத் தேர்ந்தெடுங்கள். நாகர்கோவில் நகருக்குள் நெருக்கமான தெருக்களில் இது உண்மையிலேயே பயன் தரும். சுற்றிலும் ரப்பர்த் தோட்டமாக இருக்கும் வீட்டில் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அதே செயலியில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் நின்று அலையின் வலிமையைக் காட்டும் டிபிஎம் அளவைப் பாருங்கள். எண் கழித்தல் குறியோடு வரும்; -50 நல்லது, -67 வரை கவலையில்லை, -75ஐத் தாண்டினால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஈரம் ஊறிய வெட்டுக்கல் சுவர் அலையை இன்னும் கூடுதலாக விழுங்கும். மாசியில் மாடி வரை எட்டியது ஐப்பசியில் எட்டாமல் போனால் வியப்படைய வேண்டாம். ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலும், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும், டிவி அலமாரிக்குள்ளும் வைப்பதைத் தவிர்த்து, ஆள் உயரத்தில், வீட்டின் நடுவே வைத்தாலே பல புகார்கள் தீரும்.

ஸ்பீக்கர் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்து, சில நேரம் ஒரு நிமிடம்போல் முழுவதும் மறைந்து திரும்பினால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடாரின் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை உடனே விட்டுவிட வேண்டும் என்பது விதி. இந்த வகைச் சேனல் ஒன்றுக்குப் புதிதாக மாறும்போது குறைந்தது 60 நொடி காத்திருந்து கவனித்த பிறகே ஒலிபரப்ப முடியும். சேனலை 36 முதல் 48க்குள் ஒன்றாக நிலைப்படுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ‘பேண்ட் ஸ்டீயரிங்’ ஸ்பீக்கரை இங்குமங்கும் இழுத்தாலும் இதே அறிகுறி வரும்.

மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும் ஸ்பீக்கர் சுணங்கினால், அது ரவுட்டருக்கு முன்பே விழித்துவிட்டது. ஓஎன்டி ஒளியைப் பிடித்து, பிபிபிஓஇ இணைப்பை எடுத்து முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதுவரை பொறுத்து, பிறகும் எழாவிட்டால் ஸ்பீக்கரை மட்டும் பிடுங்கிச் சொருகுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கிவைத்தால் இந்தப் பத்தியே தேவைப்படாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று அடாப்டரின் முனையைப் பச்சை பிடிக்க வைக்கும். ரவுட்டர் தானாக அணைந்து எழுந்தால் அமைப்பைக் குடைவதற்கு முன்பு அந்த முனையைக் கழற்றிப் பாருங்கள்.

அறிகுறி 6: ரவுட்டரையோ இணைப்பு நிறுவனத்தையோ மாற்றியபின் எல்லாம் அறுந்துவிட்டது

ஸ்பீக்கர், பல்பு, பிளக் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப அமைக்க வேண்டாம். புதிய ரவுட்டரில் பழைய வைஃபைப் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, அப்படியே வைத்து, பாதுகாப்பு வகையையும் முன்பு போலவே ‘டபிள்யூபிஏ2’ என்று வையுங்கள். கருவிகள் பெட்டி மாறியதை அறியாமலே வந்து இணைந்துகொள்ளும். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு அதன் வயர்லெஸ் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஸ்பீக்கரை ரீசெட் செய்வது

மேற்சொன்ன எதுவும் பலிக்காதபோது மட்டும் ஸ்பீக்கரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். நெஸ்ட் மினியில் மைக் பொத்தானை அணைத்துவிட்டு, மேற்பரப்பின் நடுவே விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். ஐந்து நொடியில் தொடங்கி, மேலும் பத்து நொடியில் ஓர் ஒலியோடு முடியும். எக்கோ டாட்டின் மூன்றாம் தலைமுறையில் புள்ளி இட்ட பொத்தானை 25 நொடி அழுத்த வேண்டும். மற்ற தலைமுறைகளில் நொடிக்கணக்கு மாறும். முடிந்ததும் செயலியில் பழைய பதிவையும் நீக்கிவிட்டு, ரவுட்டர் இருக்கும் அதே அறையில் வைத்துப் புதிதாக அமையுங்கள். அங்கே இணைந்து, பழைய இடத்துக்குக் கொண்டுபோனதும் அறுந்தால், ஐந்தாம் அறிகுறியில் சொன்ன டிபிஎம் அளவை அந்த இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள்.